வாக்களித்த பின்னர் வாய்மூடி இருப்பதா?

(பன்விலையில் கூடிய பொதுமக்களிடையே ஆற்றிய உரை)



மடுல்கலையிலிருந்தும் ஹுலுகங்கையிலிருந்தும் மலைப்பாதை கடந்து வந்திருக்கும் உங்களிடம் உலக அரசியலை விரித்துரைக்க நாம் வரவில்லை. லயத்தின் ஓரத்தில் ஓடும் கான், மழைக்குச் சேறாகும் பாதை, எரியாத தெருவிளக்கு, இவற்றுக்குப் பொறுப்பான பிரதேச சபை ஆகியவற்றைப் பற்றியே பேச வந்துள்ளோம். இவை அற்ப காரியங்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. கொழும்பில் ஆட்சி மாறினால் பத்திரிகை பார்த்து அறிகிறோம். பன்விலையில் சபை உறங்கினால் நம் வாசலிலேயே அதைக் காண்கிறோம்.

சபைக்கு வாக்களிக்கும் உரிமை நம் மக்களுக்குச் சும்மா கிடைத்ததா? 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டின் இறுதியில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் அச்சங்கங்களின் வாக்காளராகாமல் விலக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கொழுந்து நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்துப் பங்கிட்ட காலம் அது! 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே நாடற்றவர் என்னும் இழிநிலை நீங்கியது.

வாக்கு வந்தது, வாழ்வு வந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் அமைந்தன. 1991இல் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. தோட்ட மக்களும் வாக்களித்தனர். தம்மில் சிலரை உறுப்பினராகவும் அனுப்பினர். ஆனால் தோட்டம் கம்பெனியின் நிர்வாகத்தில் உள்ள இடம். அதற்குள் சபையின் பணத்தைச் செலவிடச் சட்டம் இடந்தராது என்றே பல்லாண்டு சொல்லப்பட்டு வந்தது. நிரந்தரப் பயிர் நிற்கும் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் இருந்தது. அக்காணியில் உழைப்பவரின் லயத்துப் பாதையைச் செப்பனிட அதிகாரம் இல்லை! இத்தடை 2018ஆம் ஆண்டில் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. ஆக, 27 ஆண்டுகள் தமக்கு ஒரு கல்வெர்ட்டுக் கட்டித்தரவும் இயலாத சபைக்கு நம் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்து வந்துள்ளனர்.

அந்தத் திருத்தம் தடையை அகற்றியதே தவிரப் பணத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை. எந்தத் தோட்டத்துப் பாதை முதலில், எந்தக் கிராமத்துக் கிணறு அடுத்து என்று தீர்மானிப்பவர்கள் சபையினர்தாம். அத்தீர்மானம் நடக்கும் வேளையில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

அண்மைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். திறைசேரி பணம் விடுவிக்காததால் நடக்கவில்லை. அம்மாதம் 19ஆம் திகதியுடன் சபைகளின் காலம் முடிந்தது. நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போயிற்று. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் பெட்டி வந்தது. ஈராண்டுக்கு மேலாக மக்கள் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினரும் அந்நாற்காலிகளில் இல்லை. சம்பளம் ஒரு நாள் தாமதித்தால் பிரட்டுக்களத்தில் குரல் எழுகிறதே. சபை ஈராண்டு இல்லாதபோது எத்தனை லயங்களில் குரல் எழுந்தது? தேர்தலை ஒத்திவைத்தவர்களின் துணிவுக்குக் காரணம் இந்த மௌனந்தான். வருந்துவார் இல்லாத பொருளைக் களவாட யாருக்கும் அச்சமிராது.

இது உயிரோடு தொடர்புள்ள விஷயமும் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளை உண்டாக்கி எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலைச்சரிவில் வாழ்வோர்க்கு நீர் வடியும் கானும் வாகனம் ஏறும் பாதையும் உயிர்க்காவல் அல்லவா? அடுத்த மழைக்கு முன் அவற்றைக் கேட்டுப் பெறாமல், பின்னர் நிவாரணத்துக்குக் கையேந்துவதில் பயன் என்ன?

சபையிடம் கணக்குக் கேட்பது தமிழருக்குப் புதிய பழக்கமன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையைச் சொல்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்பது அதன் விதி. அன்று காணியும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. அக்குறையை நாம் மறைக்கவில்லை. எல்லார்க்கும் வாக்குள்ள இக்காலத்தில் அவ்விதியின் கண்டிப்பு நமக்கு இன்னும் அதிகமாகவன்றோ இருக்க வேண்டும்?

செய்யத் தக்கவை எவை? முதலாவது, வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் போய்ப் படிக்க வேண்டும். படித்து, நம் வட்டாரத்துக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. காரணம் சொல்லாமலே ஒரு பிரஜை விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறவும் அரசியலமைப்பில் உரிமை உண்டு. மூன்றாவது, சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்விடங்களை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, மருத்துவர்களே! நீங்கள் பலர் லயத்தில் பிறந்து படித்து உயர்ந்தவர்கள். மாதம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுங்கள். விவசாயிகளே! மரக்கறி மூட்டை சந்தைக்கு ஏறும் பாதை, தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகும் பாதையும்தான். சிங்களக் கிராமத்து அயலவரோடு சேர்ந்து ஒரே மனுவில் கையொப்பமிடுங்கள். இரு மொழியில் எழுதிய ஒரு மனுவை ஒதுக்கிவைப்பது எந்தத் தவிசாளருக்கும் எளிதன்று.

தாய்மார்களே! 2018இல் நடந்த தேர்தல் முதற்கொண்டு உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் பெண், பகலில் கூடும் சபையை எப்படிப் பார்ப்பாள்? ஆகவே மாதம் ஒரு முறையேனும் உறுப்பினர்கள் தோட்டத்துக்கு வந்து, வேலை முடிந்த நேரத்தில் மக்களைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வாக்காளர் அனைவரும் கூடும் கிராம சபை சட்டப்படி ஆண்டில் பலமுறை நடக்கிறது. இங்கே சட்டம் அதைச் செய்யவில்லையெனில் நாமே கூட்டிக்கொள்வதை யார் தடுப்பார்?

வாக்குரிமையைப் பறிக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதைப் பயனற்றதாக்கச் சட்டம் வேண்டாம். நம் உறக்கமே போதும். அடுத்த சபைக் கூட்டம் என்றைக்கு என்று அறிந்துகொண்டு, ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் நால்வராவது அங்கே போய் அமருங்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை மறுநாள் பிரட்டுக்களத்தில் எல்லார்க்கும் சொல்லுங்கள். இவ்வளவையே உங்களிடம் கேட்டு அமைகிறோம்.