குடும்பச் சண்டை என்று விடமுடியாது



லயத்தில் ஒரு காம்பராவில் அடி விழுந்தால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். "புருஷன் பொஞ்சாதி சண்டை" என்று கதவைச் சாத்திக்கொள்வது வழக்கம். விடிந்ததும் தலைவர் சமாதானம் பேசுவார். அவள் வீங்கிய முகத்தோடு கொழுந்தெடுக்கப் போவாள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிஸாரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாதென்றும் நீதவான் தடுக்கலாம். கட்டளை 12 மாதம் வரை செல்லும்.

பாலியல் வன்முறை நடந்தால் உடுத்திய துணியைக் கழுவாமல் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

இனி சமாதானம் பேசுமுன், "உனக்கு என்ன வேண்டும்?" என்று அவளிடம் கேட்போம். பொலிஸுக்கு அவளைத் தனியே அனுப்பமாட்டோம். சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போவோம்.