தார்ப்பாயும் தெளிப்பு உடையும்: எதைச் சீர் செய்யலாம்? எதைக் கழிக்க வேண்டும்?

(உழவர் பயிற்சி நாளன்று உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



பருவம் தொடங்குமுன் கலப்பையையும் பம்புசெட்டையும் பழுது பார்க்கிறோம். ஆனால் தார்ப்பாய், மழைக்கோட்டு, முழங்கால் பூட்ஸ், மருந்து தெளிக்கும்போது அணியும் உடை ஆகியவற்றை மழை வந்த பிறகுதான் தேடுகிறோம். இவற்றுள் நீரைத் தடுப்பவை ஒரு வகை; நஞ்சைத் தடுப்பவை மற்றொரு வகை. முதல் வகையை ஒட்டுப் போட்டு நெடுநாள் உழைக்க வைக்கலாம். இரண்டாம் வகைக்கு ஒட்டு உதவாது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் மிக அவசியம்.

தார்ப்பாய்

அரசு தளர்வு அளித்தாலன்றி, கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. களத்தில் குவித்த நெல்லை ஓர் இரவு மழை நனைத்தால் மீண்டும் காய வைக்கும் கூலி நம் தலையில் விழுகிறது. விரலளவு கிழிசலே இதற்குப் போதும்.

பிளாஸ்டிக் தார்ப்பாயை மழையைவிட வெயிலே அதிகம் கெடுக்கிறது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களால் அது நொய்ந்து பொடிகிறது. எனவே வேலை முடிந்ததும் மண்ணை உதறி, நன்கு உலர்த்தி, சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பு விழும் இடமே முதலில் விரிசல் விடும். தரையில் போட்டால் எலி கடிக்கும்; உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. துணித் தார்ப்பாயை ஈரத்துடன் சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும்.

கிழிசலைக் கோணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு தைக்கலாம். தைத்த துளைகள் வழியே நீர் இறங்குமாதலால், அதே வகைத் தார்ப்பாய்த் துண்டை இருபுறமும் ஒட்ட வேண்டும். கயிறு கட்டும் வளையம் பிய்ந்துவிட்டால் கவலை வேண்டாம். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தார்ப்பாயால் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டால் இழுவையைத் தாங்கும்.

ஓரம் நைந்த பழைய தார்ப்பாயின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வெட்டி மோட்டாருக்கு மூடியாகவும், கொட்டகைக்குச் சாரல் தடுப்பாகவும் பயன்படுத்தலாம். பொடியத் தொடங்கிய தார்ப்பாயை மட்டும் வயலில் விடக் கூடாது. அதன் துணுக்குகள் மண்ணில் மக்காமல் தங்கிவிடும்.

மழைக்கோட்டும் பூட்ஸும்

மழைக்கோட்டைப் பிழியாமல், இஸ்திரி போடாமல், நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் பூட்ஸில் சிறு துளை விழுந்தால் அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோலச் சொல்யூஷன் தடவி ஒட்டலாம். பி.வி.சி. பூட்ஸில் இந்த ஒட்டு நிற்காது. மேற்பகுதி மட்டும் கிழிந்திருந்தால் கணுக்காலளவில் வெட்டி மாட்டுக் கொட்டிலில் அணியலாம். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு மழையில் நாற்று நட்ட நமக்கு மறுபயன் புதிதன்று. ஆனால் பூச்சிமருந்து பட்ட சாக்கையோ உறையையோ அவ்வாறு பயன்படுத்தக் கூடாது.

தெளிப்பு உடை

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது பழமொழி. தெளிப்பு உடையைப் பொறுத்தவரை கசக்குவது சரி. கந்தையைக் கட்டுவது கூடாது. பாதுகாப்பு உடை மருந்தை ஊடுருவ விடாததாகவும், கழுவத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன.

தெளித்த அன்றே அந்த உடையை, வீட்டுத் துணிகளுடன் சேர்க்காமல், கையுறை அணிந்து சோப்புத்தூளும் வெந்நீரும் கொண்டு இருமுறை துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கழுவிய நீர் குளத்திலோ வாய்க்காலிலோ கலக்கக் கூடாது. துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மருந்து பட்ட உடை என்பதை அவர்களிடம் முன்னதாகவே சொல்லுங்கள்.

கையுறையைக் கழற்றுமுன் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். பிறகு உள்ளே நீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அது கழிவே. வாயால் ஊதிச் சோதிக்க வேண்டாம். ஓட்டைக் கையுறையினுள் புகுந்த மருந்து வெளியேற வழியின்றித் தோலிலேயே தங்கும். வெறுங்கையைவிட அது கேடு.

நீர் கலக்காத மருந்து கொட்டி ஊறிய உடையைத் துவைத்தும் அணிய வேண்டாம். கழித்த தெளிப்பு உடையைக் கரித்துணியாகவோ, குழந்தைக்குத் தூளியாகவோ, சோளக்கொல்லைப் பொம்மைக்குச் சட்டையாகவோ மாற்றக் கூடாது. வேறொருவர் எடுத்து உடுத்தாதபடி வெட்டி, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எரித்தால் நச்சுப்புகை எழும்.

சுருங்கச் சொன்னால், ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். நீரைத் தடுப்பதைத் தைத்து ஒட்டிப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். நஞ்சைத் தடுப்பது பழுதானால் மாற்றிவிடுங்கள். அங்கே சிக்கனம் பார்த்தால் மருத்துவச் செலவு வந்து சேரும்.