முஹர்ரம்: நிய்யத் பிறந்த மாதம்

(திருச்சி காட்டூரில் முஹர்ரம் முதல் ஜும்ஆவில் நிகழ்த்திய உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மற்றுமொரு ஹிஜ்ரி ஆண்டு பிறந்துள்ளது. நமக்குக் கொடுக்கப்பட்ட தவணையில் ஓராண்டு குறைந்துவிட்டது என்பதே இதன் பொருள். இந்த வேளையில் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். நபி (ஸல்) அவர்கள் மதீனா சென்றடைந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில். அவ்வாறிருக்க, ஹிஜ்ரி ஆண்டு முஹர்ரமில் தொடங்குவது ஏன்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17 (கி.பி. 638) வாக்கில், தமக்கு வரும் கடிதங்களில் காலக் குறிப்பு இல்லை என்று அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் எழுதினார்கள். உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். ஹிஜ்ரத்தே ஆண்டுக் கணக்கின் அடிப்படை என்றும், முஹர்ரமே முதல் மாதம் என்றும் முடிவாயிற்று.

இதற்கு இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் தரும் விளக்கம் நெஞ்சில் பதிக்கத் தக்கது. அகபா உடன்படிக்கை துல்ஹஜ் மாதத்தில் நடந்தது. அதற்குப் பின் தோன்றிய முதல் பிறை முஹர்ரம். பயணம் பின்னர்தான் நடந்தது. ஆனால் புறப்படும் உறுதி அப்போதே பிறந்துவிட்டது. ஆம், நமது ஆண்டு நிய்யத்திலிருந்து தொடங்குகிறது!

ஆயினும் அந்த நிய்யத் வெறும் ஆசையாக நின்றுவிடவில்லை. அனுமதி வரும் என்று எதிர்பார்த்த அபூபக்ர் (ரலி) அவர்கள், இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் தீனியிட்டு ஆயத்தம் செய்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். வழி அறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்களோ, தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். பிறருடைய பொருளைச் சுமந்துகொண்டு அந்தப் பயணம் தொடங்கவில்லை.

சகோதரர்களே! நமது நிய்யத்துக்காக நாம் எந்த ஒட்டகத்துக்குத் தீனியிட்டோம்?

ஃபஜ்ரை ஜமாஅத்துடன் தொழ வேண்டும் என்கிறோம். நள்ளிரவு வரை கைப்பேசியை விடுவதில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் காலை ஷிப்டுக்குச் செல்வோர் பேருந்தைத் தவறவிடுவதில்லை. ஃபஜ்ர் மட்டும் தவறுகிறது. வட்டியிலிருந்து மீள வேண்டும் என்கிறோம். திருமண ஆடம்பரத்தைக் குறைக்க மனமில்லை. உம்ராவுக்குப் பணம் சேர்க்கிறோம். சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கோ இன்னும் நம் கையில் இருக்கிறது. அமானிதத்தை ஒப்படைக்காமல் எந்தப் பயணம் புறப்படுகிறோம்?

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமையும் என்ற நபிமொழியை நமக்கு அறிவித்தவரும் உமர் (ரலி) அவர்களே. உலக ஆதாயத்துக்காக ஹிஜ்ரத் செய்தவருக்கு அதுவே கிடைக்கும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அல்லாஹ் தடுத்ததை விட்டு விலகுபவரே உண்மையான முஹாஜிர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். மக்காவை விட்டுச் செல்லும் வாய்ப்பு நமக்கில்லை. பாவத்தை விட்டுச் செல்லும் வாய்ப்பு இன்றும் இருக்கிறது.

ஆகவே பத்துத் தீர்மானங்கள் வேண்டாம். விட வேண்டியது ஒன்று, தொடங்க வேண்டியது ஒன்று என நிய்யத் செய்வோம். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது. அதற்கான முதல் ஆயத்தத்தை இன்று மஃரிபுக்குள் செய்வோம். சகோதரியின் வீட்டுக்குச் செல்ல வேண்டியவர் இன்றே செல்லட்டும்.

வல்ல ரஹ்மான் நம் நிய்யத்துகளைத் தூய்மையாக்கி, அவற்றைச் செயலாக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.