வெண்பனித் துகளின் ஆறு முனைகள்



மயிலாப்பூரில் மாலை மத்ரஸாவுக்கு வரும் சிறுவன் ஒருவன், “பனித்துகளுக்கு ஏன் ஆறு முனை, ஹஜ்ரத்?” என்று கேட்டான். “அல்லாஹ்வின் நாட்டம்” என்று கூறி அமர்த்திவிட்டேன். உண்மையில் அது என் சோம்பல்.

நீர் உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் அண்டையிலுள்ள நான்கினைப் பற்றிக்கொள்ள, அறுகோண வளையங்கள் உருவாகின்றன. மேகத்தில் அவ்வறுகோணத்தின் முனைகளே நீராவியை முந்திப் பெறுவதால் அங்கிருந்து கிளைகள் நீளுகின்றன. வளையங்களின் நடுவே இடைவெளி இருப்பதால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. 1842இல் மெரினாவில் எழுந்த ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கட்டியிலும், உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியிலும் இதே அடுக்குத்தான்.

மறுவாரம் அவனை அழைத்து விளக்கினேன். “எல்லாமே நட்சத்திர வடிவந்தானா?” என்றான். இல்லை, பூஜ்யத்திற்குக் கீழ் 15 டிகிரியளவில் நட்சத்திரம், 5 டிகிரியளவில் ஊசி.