தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்



நான் பந்து தொட்டவனல்ல, கைதட்டப் போனவன். கல்லூரிகளுக்கிடையே மண்டலக் கூடைப்பந்து என்றால் சனி, ஞாயிறு இரண்டே நாள். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

2009 அரையிறுதி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், பாக்கி 3 வினாடி. நம்ம பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. 4.6 மீட்டர் தூரம், தடுக்க ஆளில்லை; பயிற்சியில் பத்துக்கு எட்டு போடுகிறவன். இரண்டும் வெளியே! (1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஃப்ரீ த்ரோவே கிடையாது. அப்படியே விட்டிருக்கலாம்.)

"வெளங்காதவனே!" என்று கத்திவிட்டேன்.

கருங்கல் வரும்வரை பஸ்ஸில் அவன் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "மக்கா, நீ கத்தினது கேட்டுது" என்றான்.

இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறான். மக்கா, மன்னிச்சிடு.