குறைந்த செலவில் ஒரு குளிர்நாட்டுப் பயணம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



"நோர்வேக்குப் போய் வந்த வகுப்பு" என்று இப்போது எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. பேச வரும்படி அழைத்த செயலாளர் ஒரு நிபந்தனையும் போட்டார்: "படம் காட்ட வேண்டாம். எவ்வளவு காசிலை, எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ." ஆகவே இது பயணக் கதை அல்ல, கணக்கு வழக்கு.

முதலில் ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். வகுப்பு ஒன்றுகூடல்கள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு ஹோட்டல் மண்டபம் எடுப்போம். ஊரிலுள்ள தோழி "மகனுக்குச் சோதனை", "மாமிக்குச் சுகமில்லை" என்று சொல்லி வராமல் விடுவாள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவளும் சொல்ல மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம். இப்படியே பல வருடம் போனது. காசு சேர்த்து ஒருத்தியைக் கூட்டிப் போகலாம் என்ற யோசனையும் வந்தது. அது வேண்டாம் என்று ஊரிலுள்ளவர்களே சொல்லிவிட்டார்கள். விடுதியில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்களில் ஒருத்தி மட்டும் விருந்தாளியாக வருவது யாருக்கும் சுகமில்லை.

அதனால் இரண்டு விதிகள் வைத்தோம். காசு விடயத்தில் மிகச் சிறிய பணப்பை எதுவோ அதற்கேற்பத் திட்டம். நடை விடயத்தில் மிக மெல்ல நடப்பவர் யாரோ அவருக்கேற்ப வேகம். இனிச் சொல்லப் போவதெல்லாம் இந்த இரண்டு விதிகளிலிருந்து வந்தவைதான்.

நாங்கள் பன்னிரண்டு பேர். யாழ்ப்பாணத்தில் மூவர், வவுனியாவிலும் கொழும்பிலும் ஒவ்வொருவர், ரொறன்ரோவில் மூவர், லண்டனில் இருவர், சிட்னியிலும் ஒஸ்லோவிலும் ஒவ்வொருவர். எங்களில் கணித ஆசிரியையாக இருப்பவரைப் பொருளாளர் ஆக்கினோம். தன்னால் ஆகக்கூடியது எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக அவருக்கு மட்டும் அறிவித்தோம். அவர் ஆகக்குறைந்த தொகையை மட்டும் எங்களுக்குச் சொன்னார். அது யாருடையது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. விமானச் செலவு அவரவர் பொறுப்பு. அதற்கென ஊரில் சீட்டுப் பிடிப்பது போல மாதம் மாதம் சேர்த்தோம். தரையிறங்கிய பின் எல்லாமே பொதுப் பணம், எல்லோருக்கும் ஒரே பங்கு.

"நோர்வே விலை கூடின நாடல்லவா?" என்று கேட்பீர்கள். ஹோட்டலில் தங்கி, உணவகத்தில் சாப்பிட்டால் ஆம். ஆனால் அந்த நாட்டில் மலைக்குக் கட்டணம் இல்லை. வெளியிட வாழ்வு பற்றிய 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிர் செய்யாத திறந்த நிலத்தில் எவரும் நடக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீற்றருக்கு அப்பால் கூடாரம் அடிக்கலாம். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். எங்கள் பகுதிக்கு அந்த நாடு புதிய பெயரும் அல்ல. காரைநகர் சீநோர் படகுத்துறையை அறியாதவர் இங்கு குறைவு. எண்பதுகளில் வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் உறவுகளும் பலர். ஒஸ்லோத் தோழியின் வீட்டுத் தரை முதல் இரண்டு இரவுக்கு எங்கள் ஹோட்டல் ஆனது.

அதிகம் மிச்சம் பிடித்துத் தந்தவை மலைக்குடில்கள். 1868இல் தொடங்கிய நோர்வே மலையேற்றச் சங்கத்துக்கு நாடெங்கும் குடில்கள் உண்டு. அவை மூன்று வகை. முதல் வகையில் ஆட்கள் இருந்து சமைத்துப் பரிமாறுவார்கள். இரண்டாவதில் ஆள் கிடையாது. ஆனால் அடுப்பு, விறகு, பாத்திரம், கட்டில், போர்வை இருக்கும். களஞ்சியத்தில் மா, பருப்பு, தகரத்தில் அடைத்த உணவு இருக்கும். எடுத்ததை நீங்களே எழுதிக் கணக்குப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். காவல் இல்லை, நம்பிக்கைதான். மூன்றாவதில் உணவும் இராது. ஆளில்லாத குடில்களில் பலவற்றுக்குச் சங்க உறுப்பினர் பெறும் ஒரே சாவி பொருந்தும். உறுப்பினர் கட்டணம் கட்டினால் தங்கும் கட்டணம் குறையும். சில இரவு தங்குவதென்றால் கட்டியது மீண்டுவிடும்.

நாங்கள் தெரிந்த பாதை ஒஸ்லோ–பேர்கன் புகையிரதப் பாதையை ஒட்டியது. அதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. நடைபாதையின் அருகே ரயில் ஓடுவதால், கால் நொந்தவர் ரயிலில் ஏறி மற்றவர்கள் போகும் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். 1909இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையைக் கட்டுவதற்குப் பொருட்கள் கொண்டுபோக அமைத்த வீதிதான் இன்று நடப்பவரும் சைக்கிளோட்டுபவரும் போகும் வழி. ரயில் சீட்டை முன்கூட்டி வாங்கினால் விலை நன்றாகக் குறையும்.

பின்சே என்ற நிலையம் 1222 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காரில் போக வீதி இல்லை, ரயில் மட்டுமே. ஓகஸ்ட் கடைசியிலும் பனித்திட்டுகள் தெரிந்தன. அங்கே ஆட்கள் உள்ள குடிலில், பலர் சேர்ந்து படுக்கும் அறையில் இரண்டு இரவு தங்கினோம். எதிரே ஹார்டாங்கர் பனியாறு. வழிகாட்டியோடு, கயிறு கட்டி அதன்மேல் நடக்கக் கட்டணம் உண்டு. அது எங்கள் தொகைக்குள் அடங்கவில்லை. சிலருக்கு அது சின்னக் காசு. ஆனாலும் ஒருவரும் தனியே போகவில்லை. வழிகாட்டி இல்லாமல் பனியாற்றில் கால் வைப்பது ஆபத்து. எனவே கற்பாறை விளிம்புவரை எல்லோரும் நடந்து, அங்கிருந்து அந்த நீலப் பனியைப் பார்த்துத் திரும்பினோம்.

அடுத்த நாள் பின்சேயிலிருந்து ஹாலிங்ஸ்கைட் வரை ஏறத்தாழ 21 கிலோமீற்றர். ஏழு பேர் நடந்தோம். ஐந்து பேர் சாவியோடு ரயிலில் முன்னே போனார்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நேரசூசி பார்க்க வேண்டும். அது ஆளில்லாத குடில். நடந்தவர்கள் விறைத்துப் போய்ச் சேர்ந்தபோது விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பருப்பும் சோறும் தயார். அன்றிரவு நடந்தவர் பெரிதா, சமைத்தவர் பெரிதா என்ற கேள்வியே எழவில்லை.

கடைசி நடை மீர்டாலிலிருந்து ஃப்லோம் கடல்முனைக்கு இறங்குவது. 866 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டம்வரை ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ரயில் பேர் பெற்றது, கட்டணமும் பெரியது. நடந்து இறங்கினால் செலவே இல்லை. இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். நடுவழியில் பெரெக்வாம் என்ற தரிப்பிடம் இருக்கிறது. நால்வர் அங்கே ரயிலேறினார்கள். ஃப்லோமில் கூடார வளாகத்தோடு சேர்ந்த இளைஞர் விடுதியில் தங்கிச் சமைத்தோம்.

இனி ஆயத்தங்கள். விசாதான் முதலாவது. பிரித்தானிய, கனடிய, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம்வரை பொறுக்கக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், திரும்பி வருவதற்கான ஆதாரம், ஒஸ்லோத் தோழியின் அழைப்புக் கடிதம் ஆகியவை சேர்க்கப்பட வேண்டும். முதல் தடவை எங்களில் இருவருக்கு விசா மறுக்கப்பட்டது. "நீங்கள் போட்டு வாங்கோ" என்று அவர்கள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. பயணத்தை ஓராண்டு தள்ளி வைத்தோம். எல்லோருக்கும் விசா வந்த பிறகே விமானச்சீட்டு வாங்குவது என்று முன்பே தீர்மானித்திருந்ததால் சீட்டுக்காசு போகவில்லை. இதை உங்கள் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உடுப்பு. உடம்போடு ஒட்டியிருப்பது கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத மேலாடை. பருத்தி நனைந்தால் குளிரைக் கூட்டும். தொப்பி, கையுறை ஓகஸ்டிலும் வேண்டும். புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகக் கூடாது, வீட்டிலேயே போட்டுப் பழக்க வேண்டும். இவற்றையெல்லாம் வாங்கத் தேவையில்லை. பெரும்பாலானவற்றை ஒஸ்லோத் தமிழ்க் குடும்பங்களிடம் இரவல் பெற்றோம். குடில்களில் படுக்க உறைபோலத் தைத்த துணிப்பை கட்டாயம். மனையியலில் படித்தது அங்கே உதவியது. பழைய பருத்திச் சேலைகளை மடித்துப் பன்னிரண்டு பைகள் தைத்தோம்.

உணவில் மிளகாய்த்தூள், பருப்பு, வறுத்த அரிசிமா கொண்டு போனோம். இறைச்சியும் நெய் முதலான பாற்பொருட்களும் இலங்கையிலிருந்து கொண்டு செல்ல அனுமதி இல்லை. மற்றவை மலிவுக் கடையில் வாங்கி, நோர்வேக்காரர் போலவே காலையில் பாண் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

நடைப் பயிற்சிக்கு யாழ்ப்பாணத்தில் மலை ஏது? கீரிமலையில் பெயரில்தான் மலை. எங்கள் தோழியர் பண்ணைப் பாலத்து எதிர்க்காற்றில் பாரப்பையோடு நடந்தார்கள், மாடிப்படி ஏறி இறங்கினார்கள். வவுனியாத் தோழிக்குக் குளக்கட்டு. நான்கு மாதத்தின் பின் மலையில் வேகம் குறைந்தவர்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் அல்லர்! நடக்கும்போது மிக மெல்ல நடப்பவரை முன்னே விட்டோம். அவர் நின்றால் எல்லோரும் நிற்பது. நோர்வேயில் மலைக்குப் போவோர்க்கென ஒன்பது விதிகள் உண்டு. நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றில் ஒன்று. புறப்படுமுன் அதை எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

பயண முடிவில் பொதுப் பணத்தில் சிறு தொகை மிஞ்சியது. பொருளாளர் அதைப் பங்கிட்டுத் திருப்பித் தந்தார். கணக்குக் கொப்பியும், சாமான் பட்டியலும், தைத்த பைகளும் இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த வகுப்பினரும் கேட்டு எடுக்கலாம். நோர்வேதான் என்றில்லை, எந்த நாடும் ஆகலாம். கூட்டத்தைக் கூட்டுங்கள், ஆகக்குறைந்த தொகையை அறியுங்கள், பிறகு நாட்டைத் தெரிவு செய்யுங்கள். வராமல் விடுகிற தோழி ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருப்பாள். திட்டத்தை அவளிடமிருந்து தொடங்குங்கள்.