புளிப்பு மண்ணும் பால்மரக் கன்றும்

(ரவாங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாற்றங்காலில் கன்று வெளுத்துக் குன்றி நின்றால் பழி யார் தலையில் விழுகிறது? தண்ணீர் ஊற்றிய பெண்களின் தலையிலேதான். "வேலை சரியில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மண்ணைக் கேட்பார் யாருமில்லை. இன்று நாம் மண்ணைக் கேட்போம்.

நம் பகுதியின் மேட்டு மண் புளிப்பு மண். புளிப்பை அளந்தால் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும். 7 என்பதே நடுநிலை. இம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும், நாம் இடும் பாஸ்பேட் சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மண்ணில் உரம் இருந்தும் கன்று பட்டினி கிடக்கிறது.

இதற்கு இரண்டு துணை உண்டு. ஒன்று, பாறைப் பாஸ்பேட் உரம். புளிப்பு மண்ணிலேதான் அது மெல்லக் கரைந்து பயன் தரும்.

மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. பூஞ்சை என்றதும் மரத்தைக் கொல்லும் வெள்ளை வேர்நோய்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வேரோடு கூடி வாழும் நல்ல பூஞ்சையும் உண்டு. அந்தக் கூட்டுறவுக்கு 1885ல் ஜெர்மன் அறிஞர் பிராங்க் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். மயிரினும் மெல்லிய இழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்துப் பாஸ்பேட்டை அது கொண்டுவந்து கொடுக்கும். கூலியாக மரம் சர்க்கரை கொடுக்கும். இதுவல்லவோ நேர்மையான ஒப்பந்தம்!

இப்பூஞ்சை மேல்மண்ணில் வாழ்வது. மேல்மண்ணை வழித்துத் தள்ளினால் அதுவும் போய்விடும். எளிதில் கரையும் பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டினாலும் வேரில் அது குறைந்துவிடும். ஆகவே பையில் நிரப்ப, வேர்நோய் இல்லாத இடத்து மேல்மண் வேண்டும். உரமும் அளவோடு வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பீர்கள். மரம் சுமார் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பெற்றால்தான் வெட்டுக்கு வரும். அதற்கு 5 முதல் 7 ஆண்டு ஆகும். குன்றிய கன்றோ இன்னும் பிந்தும். அதன்பின் பல்லாண்டு அந்த நிரையில் கத்தி பிடிப்பவர்கள் நாம். வாளியில் பால் குறைந்தால் நம் வீட்டு உலையில் அரிசி குறையும்.

1925ல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், நமக்கு அண்மையிலுள்ள சுங்கை பூலோவில்தான் சோதனைத் தோட்டம் நடத்தியது. 1998ல் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்துள் இணைந்தது. மண்ணைச் சோதிப்பது இந்நாட்டுக்குப் புதிதல்ல.

ஆகவே தோழர்களே, கன்று குன்றினால், பழி சுமத்துமுன் மண்ணைச் சோதிக்கும்படி கேட்போம். கிராணிமார்களே, மண் எடுத்த இடத்தையும், உரம் இட்ட நாளையும் அளவையும் தவறாமல் எழுதி வையுங்கள். நாற்றங்கால் பெண்களுக்கு அந்த ஏடே சாட்சி.